தபாலில் இருந்த ஒப்புதல்

வலது கையைத் தூக்கி நீதிபதியின் முன் உறுதிமொழி எடுத்தபோது எனக்கு அறுபத்தொரு வயது. வரிசையில் நின்ற ஆறு பேரில் நான் மட்டும்தான் புடவை. நீதிபதி எங்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னார். சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு எந்த நாட்டிலும் முதலில் நன்றிதான் கிடைக்கும். அதற்கு நிதித்துறையின் ஒப்புதல் தேவையில்லை.

சென்னையில் தலைமைச் செயலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு பார்த்து, சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவள் நான். தொண்ணூறுகளின் நடுவில் கிரீன் கார்டு வாங்கிக்கொண்டு மகனோடு இருக்கலாமென்று கலிபோர்னியாவில் டப்ளின் என்ற ஊருக்கு வந்தேன். மகனும் மருமகளும் காலை ஆறரை மணிக்கு ஆளுக்கொரு காரில் மலை தாண்டிப் போவார்கள். விளக்கு வைத்த பிறகு வருவார்கள். இடையில் வீட்டில் நானும் பாத்திரம் கழுவும் இயந்திரமும். அந்த இயந்திரத்தின் கையேட்டை இரண்டாம் முறையும் படித்து முடித்தபோதுதான், நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, நீதிமன்றத்தின் பொறுப்பில் பிறர் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்காக நீதிபதியிடம் பேசத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றிருந்தது.

இது வக்கீல் வேலை அல்ல. குழந்தைக்கு வக்கீல் தனியாக உண்டு. அவர் கையில் எத்தனை குழந்தைகள் என்று அவரைக் கேட்டால் முதலில் பெருமூச்சு விடுவார். கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், சமூகப் பணியாளர் உண்டு. அவர் மாறிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு குடும்பம். குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும். கோப்பு முழுவதையும் படிக்க வேண்டும். ஆசிரியர், மருத்துவர், வளர்ப்பு வீட்டார் எல்லோரிடமும் பேச வேண்டும். விசாரணைக்குப் பத்து நாள் முன்பு நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டும். விசாரணை நாளில் நேரில் போய் உட்கார வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே ஆயுள் முழுக்கச் செய்தேன். குழந்தையைப் பார்ப்பது ஒன்றுதான் புதிது.

கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஓட்டுநர் கையேட்டில் எந்தப் பக்கத்தில் என்ன விதி என்று எனக்கு மனப்பாடம். எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தவறவில்லை. ஓட்டிக் காட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றேன், மிக மெதுவாகப் போனதற்காக. மூன்றாம் முறை தேர்வாளர் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா, நீ ரிட்டயர் ஆகலை. டெபுடேஷன்ல வந்திருக்கே," என்றான் மகன்.

எனக்கு வந்த வழக்கு ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது. தன்னார்வலர்களின் ஒருங்கிணைப்பாளர் பெண்மணி, 'இந்தியக் குடும்பம், உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்' என்று சொன்னபோது, குஜராத்தியோ பஞ்சாபியோ என்றுதான் நினைத்தேன். கோப்பைத் திறந்தால் அம்மாவின் சொந்த ஊர் பாளையங்கோட்டை.

கதை சுருக்கமானது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மனம் பிசகிவிட்டது. அப்பா சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனவர், திரும்பவில்லை. நீதிமன்றம் அனுப்பிய பதிவுத் தபால்கள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஒரு மதியம் அம்மா, மூன்று மாதக் கைக்குழந்தையை எட்டு வயதுப் பெரியவளின் மடியில் வைத்துவிட்டு வீட்டை விட்டு நடந்து போய்விட்டார். இரண்டு நாளாகப் பெரியவள் பள்ளிக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து வந்து கதவைத் தட்டினார்கள். அந்த இரண்டு நாளும் பால் பவுடர் டப்பாவில் எழுதியிருந்த அளவைப் படித்துப் படித்துப் பெரியவள் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். குழந்தையின் எடை குறையவில்லை என்று மருத்துவரின் அறிக்கையில் இருந்தது. அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் படித்த எந்தக் கோப்பிலும் இப்படி ஒரு பணிச் சான்று இல்லை.

அன்று மாலையே இருவரையும் பிரித்தார்கள். கைக்குழந்தையை எடுத்துக்கொள்ள லிவர்மோரில் ஒரு தம்பதி தயாராக இருந்தார்கள்; அவர்களுடைய வளர்ப்பு உரிமத்தில் ஒரு சிசுவுக்குத்தான் இடம். பெரியவளுக்கு மலைக்கு அந்தப் பக்கம், ஹேவர்டில், ஏற்கெனவே மூன்று குழந்தைகள் இருந்த ஒரு வீடு. கோப்பில் 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதியிருந்தது. அரசாங்கத் தாளில் தற்காலிகம் என்று எழுதினால் என்ன பொருள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கோப்பைத் திறந்தபோது அந்தத் தற்காலிகத்துக்கு வயது ஒன்று ஆகியிருந்தது.

பெரியவள் என்னை முதலில் பார்த்தபோது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன், இருவருக்கும் புரியும். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நானும் பாப்பாவும் ஒரே வீட்டில் இருக்க நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா?"

"முயற்சி பண்றேன்மா," என்றேன். உத்தரவாதம் தரக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லித்தந்த விதி.

"அந்த லேடியும் இதேதான் சொன்னார்கள்," என்றாள். அந்த லேடி என்றால் முதல் சமூகப் பணியாளர். நான் போனபோது மூன்றாமவர் வந்திருந்தார்.

சனிக்கிழமைகளில் லிவர்மோரில் ஒரு பூங்காவில் அக்காளும் தங்கையும் சந்திப்பார்கள். ஒரு மணி நேரம். பெரியவளை ஹேவர்டிலிருந்து நான் அழைத்து வருவேன். மலைச்சாலையில் என் வேகத்துக்குப் பின்னால் வரும் கார்களெல்லாம் ஹாரன் அடிக்கும். சின்னவளை வளர்ப்புத் தாய் கொண்டுவருவார். நல்ல பெண்மணி. தேவாலயத்தில் பாடுகிறவர், கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். குழந்தைக்கு இட்லி பிடிக்குமா என்று என்னைக் கேட்டு, செய்முறையைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் செங்கல் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டு வந்து, சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். இந்த வழக்கில் நான் சொன்ன ஒரே பொய் அது. அவரை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரியவள் அந்த ஒரு மணி நேரத்தில் விளையாட மாட்டாள். தங்கையின் நகத்தைப் பார்ப்பாள், காதுக்குப் பின்னால் பார்ப்பாள், டயப்பர் கனக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி. சின்னவள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு வளர்ப்புத் தாயை நோக்கிக் கையை நீட்டுவாள். அப்போது பெரியவள் உடனே தூக்கிக் கொடுத்துவிடுவாள். ஒரு முறைகூடப் பிடித்து வைத்துக்கொண்டதில்லை.

கோப்பின் அடியில் எனக்கு ஒரு தாள் கிடைத்தது. அம்மாவின் அக்காள், அதாவது பெரியம்மா, டெக்சாஸில் ஹூஸ்டனில் நர்ஸ். திருமணமாகாதவர். இரண்டு குழந்தைகளையும் தான் வளர்ப்பதாக முதல் மாதமே எழுதியிருந்தார். வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினரிடம் குழந்தையை அனுப்ப வேண்டுமானால் ஒரு நடைமுறை உண்டு. இங்குள்ள கவுண்டியிலிருந்து இந்த மாநில அலுவலகம், அங்கிருந்து அந்த மாநில அலுவலகம், அங்கிருந்து அந்த ஊர். அங்கே ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். பிறகு அந்த அறிக்கை அதே படிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கித் திரும்பி வரும். எங்கள் செயலகமே கடல் கடந்து வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பணியாளர் அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்ததால் டெக்சாஸ் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. திரும்பி வந்த தாளைக் கோப்பில் வைத்துத் தைத்துவிட்டு அவர் வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டார். இரண்டாமவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவேயில்லை.

நான் பிடித்தேன். புதுப் பணியாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் விசாரித்து, யார் மேசையில் இருக்கிறது என்று பெயரோடு குறித்து வைத்தேன். மஞ்சள் குறிப்பேட்டில் தேதி, நேரம், பேசியவர், பேசியது என்று நான்கு பத்தி. ஒருங்கிணைப்பாளர் அதை மற்றத் தன்னார்வலர்களுக்குக் காட்டி, இப்படித்தான் எழுத வேண்டும் என்றாராம்.

பெரியம்மாவோடு தொலைபேசியில் பழக்கமாயிற்று. ஒற்றை அறை வீட்டிலிருந்து இரண்டு அறை வீட்டுக்கு மாறினார். மருந்துகளைப் பூட்டி வைக்கப் பெட்டி வாங்கினார். இரவு ஷிஃப்டைப் பகலுக்கு மாற்றித்தரச் சொல்லி, மாற்றியும் வாங்கிவிட்டார்.

"ஆன்ட்டி, ஜன்னல் தரையிலேருந்து எத்தனை இஞ்ச்சுன்னு அளந்து பாப்பாவளாமே. நான் அளந்துட்டேன். ஆனா ஜன்னல என்ன செய்ய, கீழ எறக்கவா முடியும்?"

"எறக்க வேண்டாம்மா. சட்டத்துல ஜன்னல் இருந்தா போதும்னுதான் இருக்கு."

"நீங்க எல்லாத்தையும் படிச்சு வச்சிருக்கிய. கோர்ட்ல ஜட்ஜுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

எனக்கும் அப்படி ஒரு நினைப்பு அப்போது இருந்தது. மறைப்பானேன்.

ஆனால் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு நீதிமன்றம் அதிக நாள் காத்திருக்காது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த அம்மாவுக்குக் குணமாகக் கொடுத்த அவகாசம் முடிந்தது, அவர் குணமாகவில்லை. அடுத்த விசாரணையில் நிரந்தர ஏற்பாடு. சின்னவளைத் தத்தெடுக்க லிவர்மோர் தம்பதி விண்ணப்பித்திருந்தார்கள். டெக்சாஸ் ஒப்புதல் அதற்குள் வந்துவிட்டால் இரண்டு பேரும் பெரியம்மாவிடம் போகலாம். வராவிட்டால் சின்னவள் லிவர்மோர் குழந்தை.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயில் உணவுக்கூடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி புளியோதரைத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, ஃப்ரீயா கேஸ் நடத்துறீங்களாமே? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்பீடிங் டிக்கெட் இருக்கு, பாத்து முடிச்சுக் குடுங்களேன்."

"எனக்குக் கொழந்தைங்க கேஸ் மட்டுந்தான்."

"அவரும் கொழந்த மாதிரிதாங்க." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்க கொழந்தைங்க ரெண்டு, கவர்மெண்ட் எடுத்துட்டுப் போயிடுச்சாமே, கேள்விப்பட்டீங்களா? பாவங்க. வெள்ளக்காரங்க வீட்ல என்னத்த சாப்புடுதோ. நம்மள்ல யாராவது எடுத்து வளக்கலாம்ல?"

ரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்தவள் நான். ஆகவே பொதுவாகக் கேட்டேன். "நீங்க எடுத்துக்கலாமே? லைசென்ஸ் வாங்கிக்கிட்டா யாருக்கு வேணா குடுப்பாங்க."

"ஐயோ, எங்களுக்கு எதுக்குங்க. கைரேகையெல்லாம் எடுப்பாங்களாம்."

அறிக்கையைப் பத்து நாள் முன்பே கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பக்கம். டெக்சாஸ் பற்றி, 'வீட்டு ஆய்வின் முடிவு எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதினேன். எழுதிய அன்று அது உண்மை. விசாரணைக்கு ஐந்து நாள் முன்பு, சனிக்கிழமை காலை, ஹூஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆன்ட்டி, சோலி முடிஞ்சுட்டு! வீடு பாக்க வந்த அந்தம்மா போன் போட்டு சொல்லிட்டாவ. ரெண்டு பேருக்கும் ஓகே. பேப்பர் கெளம்பிட்டாம்."

திங்கட்கிழமை நானே ஹூஸ்டன் அலுவலகத்தை அழைத்து, வீட்டைப் பார்த்தவரிடம் பேசினேன். ஆமாம், இரண்டு குழந்தைகளுக்கும் ஒப்புதல், மேலதிகாரி கையெழுத்தும் ஆகிவிட்டது, மாநில அலுவலகத்துக்குப் போய்விட்டது என்றார். ஒரு நகல் ஃபாக்ஸ் அனுப்ப முடியுமா என்றேன். நேரடியாக அனுப்ப எங்களுக்கு அதிகாரமில்லை, மாநில அலுவலகம் வழியாகத்தான் வரும் என்றார். சரியான பதில். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. மஞ்சள் குறிப்பேட்டில் நான்கு பத்தியும் நிரப்பினேன்.

குழந்தைகளின் வக்கீலை அழைத்தேன். இயந்திரம்தான் பேசியது. என் பெயரையும் எண்ணையும் சொல்லி, கூப்பிடவும் என்றேன். விவரம் சொல்லவில்லை. இயந்திரத்தில் வழக்கு விவரத்தை விட்டுவைப்பது முறையல்ல. அவர் கூப்பிடவில்லை. ஒருங்கிணைப்பாளர் அந்த வாரம் விடுப்பு.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்று சொல்ல வேண்டும். செயலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த மூன்றாம் வருடம், அமைச்சர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் ஒரு உத்தரவு வந்தது. ஓர் ஆசிரியையின் மாறுதலை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பிறகு, அப்படி யாரும் சொல்லவேயில்லை என்றார்கள். எனக்குப் பதினேழு பி-யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அரசு ஊழியர் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொன்னதும் முகம் மாறும். இரண்டு ஆண்டு பதவி உயர்வு தள்ளிப்போனது. அன்றிலிருந்து தொலைபேசியில் வந்த செய்தி எனக்குச் செய்தியே அல்ல. தாள் வரட்டும். என் கீழே வேலை பார்த்த எல்லோருக்கும் அதையே சொல்லித்தந்தேன். அதனால்தான் அதற்குமேல் ஒரு கறையுமில்லாமல் ஓய்வு பெற்றேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விசாரணை வியாழக்கிழமை. தபால் வரவில்லை. சிறார் நீதிமன்றத்தில் கூட்டம் கிடையாது; ஒரு நீள மேசை, சுற்றி ஐந்தாறு நாற்காலி, மேலே நீதிபதி. கவுண்டியின் வக்கீல், குழந்தைகளின் வக்கீல், வராத அம்மாவுக்காக ஒரு வக்கீல், சமூகப் பணியாளர், நான். குழந்தைகளின் வக்கீல் என்னைப் பார்த்து, நீங்கள் கூப்பிட்டிருந்தீர்கள் அல்லவா, மன்னிக்கவும் என்று கிசுகிசுத்தார். அதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி கோப்பைப் புரட்டினார். டெக்சாஸ் உறவினர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"எங்களுக்கு எதுவும் வரவில்லை, யுவர் ஆனர்," என்றார் கவுண்டியின் வக்கீல்.

"வேறு யாருக்காவது தகவல் உண்டா?" என்று நீதிபதி கண்ணாடிக்கு மேலாக மேசையைச் சுற்றிப் பார்த்தார். மற்றவர்களை வேகமாகத் தாண்டிவந்த பார்வை என்னிடம் வந்து நின்றது. என் அறிக்கைகளை அவர் முழுக்கப் படிப்பவர். "தன்னார்வலர் ஏதாவது சேர்க்க விரும்புகிறாரா?"

மஞ்சள் குறிப்பேடு என் மடியில் இருந்தது. திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து, பேசியவர் பெயர், 'இருவருக்கும் ஒப்புதல்'. அதன் மேல் என் கையை வைத்திருந்தேன்.

"இல்லை, யுவர் ஆனர். என் அறிக்கை நீதிமன்றத்தின் முன் உள்ளது," என்றேன்.

அந்த வாக்கியத்தை நன்றாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அடக்கமாகவும் முறைப்படியும் சொன்னதாக எனக்குத் திருப்திகூட இருந்தது. நீதிபதி ஒரு விநாடி காத்திருந்தார். பிறகு உத்தரவைப் படித்தார். சின்னவள் மீது பெற்றோருக்கு இருந்த உரிமை நீக்கப்படுகிறது. லிவர்மோர் தம்பதி தத்தெடுக்கலாம். பெரியவளின் ஏற்பாடு பிறகு தீர்மானிக்கப்படும். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

தாள் அடுத்த திங்கட்கிழமை கவுண்டி அலுவலகத்துக்கு வந்தது. இரண்டு குழந்தைகளின் பெயர்களும் இருந்தன, எழுத்துப்பிழை இல்லாமல். நானே ஒரு நகலை எடுத்துக்கொண்டு குழந்தைகளின் வக்கீலிடம் போனேன். குறிப்பேட்டையும் காட்டினேன். அவர் முந்தைய திங்கட்கிழமைக் குறிப்பைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இளைஞர்தான், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இதை அன்றைக்கே வாயால் சொல்லியிருந்தால் ஒரு மாதம் தள்ளி வைத்திருப்பாரே," என்றார்.

"தாள் இல்லையே."

"தாள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதற்குத் தாள் எதற்கு?"

அவருக்குக் கோபம்கூட இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். புதிய ஆதாரம் கிடைத்தால் பழைய உத்தரவை மாற்றக் கோர ஒரு மனு உண்டே என்றேன். உண்டு, எல்லா உத்தரவுக்கும் உண்டு, பெற்றோர் உரிமையை நீக்கிய உத்தரவுக்கு மட்டும் இல்லை என்றார். கையெழுத்திட்ட நீதிபதியாலேயே அதைத் திரும்பத் தொட முடியாதாம். வீட்டுக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பக்கத்தை நான் முன்பே படித்து, பென்சிலால் கோடும் போட்டிருந்தேன்.

ஹூஸ்டனுக்கு நானே சொன்னேன்.

"நான் சனிக்கிழமையே சொன்னேம்லா ஆன்ட்டி?"

"சொன்னீங்க."

"நீங்க கோர்ட்ல சொல்லலியா?"

"சொல்லலை."

"மறந்துட்டியளா?"

"மறக்கலைம்மா. பேப்பர் வரட்டும்னு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. ட்யூட்டிக்கு நேரமாயிட்டு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பெரியவளை அழைத்துவரப் போனேன். பெரியம்மா அவளிடம் பேசியிருக்கிறார் என்று அவள் கார்க் கதவைச் சாத்தியதிலேயே தெரிந்தது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகச் சாத்தினாள். கார் மலை ஏறியது. பிறகு, முன்னால் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் டெக்சாஸ் போனால் பாப்பாவைப் பார்க்க யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்?"

அதற்கு என்ன நடைமுறை என்று மனம் தன் வழக்கப்படி தேடியது. எங்கும் ஒன்றும் இல்லை.

"யாரும் இல்லைம்மா. பெரியம்மாவுக்கு முடிஞ்சப்போ கூட்டிட்டு வரலாம்."

"இங்கேயே இருந்தால்?"

"பாப்பாவை வளக்கிறவங்க சம்மதிச்சா பாக்கலாம். மாசம் ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்காங்க."

"எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?"

"இல்லை. வாயாலதான் சொன்னாங்க."

"எத்தனை நாள் சம்மதிப்பார்கள்?"

"தெரியாது."

ஒன்பது வயதுக்குத் தாங்காத யோசனை. அவள் யோசித்து முடிப்பதற்குள் மலை இறங்கி லிவர்மோர் வந்துவிட்டது. பூங்காவில் காரை நிறுத்தினேன். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்படியானால் நான் இங்கேயே இருக்கிறேன்," என்றாள். "பெரியம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்லத் தெரியாது."

தன்னை வேண்டும் என்று வீடு மாறி, வேலை நேரம் மாற்றிக் காத்திருக்கும் ஒருத்தியை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு மணி நேரத்துக்காக அந்நியர் வீட்டில் நான்கு குழந்தைகளில் ஒருத்தியாக இருக்க அவள் முடிவு செய்தாள். புத்திசாலித்தனமான முடிவு என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு எது நல்லது என்று சொல்வதுதான் என் வேலை. ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்தவள், வேண்டாத இடத்தில் சொல்வானேன்.

அன்று மாலை ஹூஸ்டனை அழைத்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்றார் கடைசியில். "ரெண்டு நாள் பால் கரைச்சுக் குடுத்தவ விட்டுட்டு வருவாளா?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இதையாவது கோர்ட்ல வாயத் தொறந்து சொல்லுவியளா ஆன்ட்டி?"

சொன்னேன். அடுத்த விசாரணையில், நீதிபதி என் பக்கம் திரும்புவதற்கு முன்பே எழுந்து நின்று, பெரியவள் தங்கைக்கு அருகிலேயே இருக்க விரும்புகிறாள், பெரியம்மாவுக்கு அது தெரியும், அவர் ஆட்சேபிக்கவில்லை என்றேன். இரண்டு வாக்கியம். பெரியம்மாவின் கடிதம் எதுவும் என் கையில் இல்லை. நீதிபதி குறித்துக்கொண்டு, நன்றி, அப்படியே ஆகட்டும் என்றார். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மாதம் ஒரு முறை என்று லிவர்மோர் பெண்மணி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார், பதினோரு மாதம். பிறகு அவருடைய கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன் என்னை வீட்டுக்கு அழைத்து, அழுதபடி மன்னிப்புக் கேட்டார். பெரியவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். புது முகவரியைக் கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.